பின்னால் புறப்பட்டு முன்னால் உறைந்த பால்

கிழக்காப்பிரிக்கக் கடற்கரையிலிருந்து சற்று உள்ளே உசம்பாரா என்றொரு மலைத்தொடர் இருக்கிறது. அதன் மேல், லுஷோட்டோ என்னும் சிறு நகரத்துக்கு அருகில், மகம்பா என்ற ஊரின் உயர்நிலைப் பள்ளியில் 1963ஆம் ஆண்டு மூன்றாம் பாரம் படித்துக்கொண்டிருந்த எராஸ்டோ எம்பெம்பா என்ற மாணாக்கனுக்கும் அவனுடைய தோழர்களுக்கும் ஐஸ்கிரீம் செய்வதில் அலாதியான பிரியம் இருந்தது. தங்கனீகா என்று வழங்கிய அந்நாடு சுதந்திரம் அடைந்து அப்போதுதான் இரண்டாண்டு ஆகியிருந்தது. டான்சானியா என்ற பெயர் இன்னும் பிறக்கவில்லை. ஊர்ப் பெண்களிடம் பால் வாங்கி, காய்ச்சி, சர்க்கரை கலந்து, நன்றாக ஆறிய பிறகு குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் தட்டில் ஊற்றி வைப்பது பிள்ளைகள் கையாண்ட முறை. ஐஸ்கிரீமில் ஆசை வைத்தவர்கள் பலர், தட்டுகள் சில என்ற நிலையில், பெட்டியில் இடம் பிடிப்பது பரீட்சையில் முதலிடம் பிடிப்பதைவிடக் கடினமான காரியமாக இருந்தது என்று ஊகிக்கலாம்.

ஒரு நாள் எம்பெம்பா பாலை அடுப்பில் ஏற்றிக் காய்ச்சிக்கொண்டிருக்கையில், அதைக் கண்ட வேறொரு பையன், காய்ச்சுகிற வேலையையே விட்டுவிட்டு, பச்சைப் பாலில் சர்க்கரையைக் கலந்து, ஓட்டமாக ஓடித் தட்டில் ஊற்றிவிட்டான். எஞ்சியிருந்தது ஒரே தட்டு. பால் ஆறட்டும் என்று காத்திருந்தால் அந்தத் தட்டும் கைவிட்டுப் போகும். ஆறாமல் வைத்தாலோ பெட்டி பழுதாகும் என்பது அங்கே எல்லோரும் நம்பிய விஷயம். பெட்டிக்கு வருவது வரட்டும் என்று துணிந்த எம்பெம்பா கொதிக்கும் பாலை அப்படியே உள்ளே வைத்துவிட்டான். ஒன்றரை மணி நேரம் கழித்து இருவரும் போய்த் திறந்து பார்த்தபோது, அவன் வைத்த சூடான பால் கட்டியாக உறைந்து ஐஸ்கிரீமாகியிருந்தது. முன்பே வைத்த மற்றவனுடைய குளிர்ந்த பாலோ கெட்டியான கூழ்போல நின்றதேயன்றி இன்னும் உறைந்தபாடில்லை.

இதைத் தன் பௌதிக ஆசிரியரிடம் போய்ச் சொன்னான். அப்படி நடக்கவே முடியாது, நீ எதையோ குழப்பிக்கொண்டிருக்கிறாய் என்று அவர் சொல்லி அனுப்பிவிட்டார். இந்தச் சரித்திரத்தைப் பின்னாளில் எடுத்துச் சொல்பவர்கள் பெரும்பாலும் அந்த ஆசிரியரை ஒரு மூடராகச் சித்திரித்துவிட்டு மேலே போய்விடுகிறார்கள். அது நியாயமன்று என்பது என் அபிப்பிராயம். அவர் தம்மிடமிருந்த சாஸ்திரத்தை ஒட்டித்தான் பேசினார். அந்தச் சாஸ்திரம் எது, அதன் பலம் எங்கே முடிகிறது என்பதைக் கவனித்தால்தான் அந்தப் பையன் கண்டது எத்தகைய காட்சி என்பதும் நமக்கு விளங்கும்.

சூடான பொருள் ஆறுவதைப் பற்றிய விதி ஒன்றை ஐசக் நியூட்டன் 1701இல் லண்டன் ராயல் சொஸைட்டியின் வெளியீட்டில், தம் பெயரைக்கூடப் போடாமல், லத்தீன் மொழியில் எழுதினார். ஒரு பொருளின் உஷ்ணநிலை சுற்றுப்புறத்தின் உஷ்ணநிலையைவிட எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கவ்வளவு வேகமாக அது ஆறும். வித்தியாசம் குறையக் குறைய ஆறும் வேகமும் குறையும் என்பதே அதன் சாரம். கொதிக்கிற காபி முதல் ஐந்து நிமிஷத்தில் இழக்கிற சூட்டை அடுத்த ஐந்து நிமிஷத்தில் இழப்பதில்லை என்பது டம்ளரைக் கையில் பிடித்த எவரும் அறிந்ததே. நியூட்டன் இந்த விதியைச் சொன்னபோது, பழுக்கக் காய்ச்சிய இரும்பை அசைவற்ற காற்றில் அல்ல, ஒரே சீராக வீசுகிற காற்றில் வைத்தே ஆறவிட்டார் என்பதைப் பாடப்புத்தகங்கள் பொதுவாகச் சொல்வதில்லை. அவர் காற்றைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் இருந்தது. சூடேறிய காற்று இரும்பைச் சூழ்ந்து நின்றுவிடாமல் கணந்தோறும் புதிய குளிர்ந்த காற்று வந்து படவேண்டும். அப்போதுதான் கணக்கு நேராக வரும். மேலும், அவர் எடுத்துக்கொண்டது ஒரு திடப்பொருள். அதற்குள் நீரோட்டம் இல்லை, அது ஆவியாகிக் குறைந்துபோவதும் இல்லை.

இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு மகம்பா ஆசிரியர் எப்படி நியாயம் பேசியிருப்பார்? மதுரையிலிருந்து ஒருவனும் திருச்சியிலிருந்து ஒருவனும் ஒரே நேரத்தில் சென்னைக்குப் புறப்படுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மதுரைக்காரன் எவ்வளவு விரைந்து வந்தாலும் திருச்சியைக் கடந்துதான் ஆகவேண்டும். அவன் திருச்சிக்கு வந்து சேர்கிற நேரத்தில் மற்றவன் அங்கிருந்து வெகுதூரம் போயிருப்பான். அதற்கு மேல் இருவருக்கும் பாதை ஒன்றே, நடையும் ஒன்றே என்றால், மதுரைக்காரன் முந்துவதற்கு வழியே இல்லை. அதுபோலவே 100 பாகையில் இருக்கும் பால் 35 பாகையைக் கடந்துதான் கீழே இறங்கவேண்டும். அந்த 35 பாகையிலிருந்தே புறப்பட்ட பால் அதற்குள் இன்னும் குளிர்ந்திருக்கும். ஆகவே சூடான பால் முதலில் உறைவது அசம்பவம். தர்க்கத்தில் பழுதில்லை. ஆனால் அது ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது: திருச்சிக்கு வந்து சேர்ந்த மதுரைக்காரனும் திருச்சியிலேயே புறப்பட்டவனும் எல்லா விதத்திலும் ஒருவனே என்று அது எண்ணிக்கொள்கிறது. வந்தவன் வழியில் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு இலேசாக வந்திருக்கலாம்; நடையாக அல்ல, ஓட்டமாகவே வந்துகொண்டிருக்கலாம். உஷ்ணமானியில் தெரியும் ஓர் எண் அதைச் சொல்லாது.

எம்பெம்பா அப்போதைக்கு ஆசிரியரின் வார்த்தையை ஒப்புக்கொண்டுவிட்டான். ஆனால் விடுமுறையில் தாங்கா நகரத்தில் ஐஸ்கிரீம் செய்து விற்கும் நண்பன் ஒருவனைச் சந்தித்தபோது, தாங்கள் பாலைச் சூடாகவே பெட்டியில் வைப்பதாகவும் அப்படி வைத்தால்தான் சீக்கிரம் உறைகிறது என்றும் அவன் சாதாரணமாகச் சொன்னான். பள்ளிக்கூடத்தில் அசம்பவம் என்று தள்ளப்பட்ட ஒன்று, சில நாழிகைத் தூரத்தில் அன்றாடத் தொழில் நுணுக்கமாக வழங்கிவந்தது என்பது சிந்திக்கத்தக்கது. வியாபாரிக்குக் காரணம் தேவையில்லை. வெயில் ஏறுமுன் சரக்கு உறைந்தால் போதும்.

மேல்படிப்புக்காக எம்பெம்பா இரிங்காவில் உள்ள எம்க்வாவா உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தான். அங்கே உஷ்ணத்தைப் பற்றிய பாடம் நடந்தபோது நியூட்டனின் விதி வந்தது. பழைய சந்தேகமும் கூடவே வந்தது. எழுந்து கேட்டான். புதிய ஆசிரியரும் அதை ஏற்கவில்லை. மாணாக்கன் விடாமல் வாதாடவே, இது எம்பெம்பாவின் பௌதிகமேயன்றி உலகத்துக்குப் பொதுவான பௌதிகம் அன்று என்று அவர் முடித்துவிட்டார். அன்றிலிருந்து அவன் எந்தக் கணக்கில் பிழை செய்தாலும், அது எம்பெம்பாவின் கணிதம் என்று வகுப்பே சேர்ந்து பரிகாசம் செய்யும் வழக்கம் ஏற்பட்டது. உண்மையில் அந்தக் கேள்வி பாடத்துக்கு வெளியே இருந்து வந்ததன்று; பாடத்தை மெய்யென்று நம்பி, சமையலறையில் கண்டதோடு அதைப் பொருத்திப் பார்த்தவனால் மட்டுமே கேட்கக்கூடியது.

ஒரு நாள் பிற்பகலில் உயிரியல் ஆய்வுக்கூடம் திறந்து கிடப்பதையும் யாரும் இல்லாததையும் கண்ட எம்பெம்பா உள்ளே போனான். 50 கன சென்டிமீட்டர் பீக்கர்கள் இரண்டை எடுத்து, ஒன்றில் குழாய் நீரையும் மற்றொன்றில் கொதிகலத்து வெந்நீரையும் நிரப்பி, குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் வைத்தான். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது இரண்டிலும் நீர் முழுவதும் உறைந்திருக்கவில்லை. ஆனால் வெந்நீர் வைத்த பீக்கரில் பனிக்கட்டி அதிகமாகத் தெரிந்தது. பால் அல்ல, சர்க்கரை அல்ல, வெறும் நீர். இதுவரையில் அவனிடம் இருந்தது ஒரு தற்செயல். இப்போது அது தானே விரும்பி நடத்திய பரிசோதனையாயிற்று.

தார் எஸ் சலாம் பல்கலைக்கழகக் கல்லூரியின் பௌதிகப் பேராசிரியரான டெனிஸ் ஆஸ்போர்ன் அந்தப் பள்ளிக்கு ஒருமுறை உரையாற்ற வந்தார். உரை முடிந்து மாணாக்கர்களின் கேள்விகளுக்கு நேரம் ஒதுக்கியபோது எம்பெம்பா எழுந்து, ஒரே மாதிரியான இரண்டு பாத்திரங்களில் ஒரே அளவு நீரை, ஒன்று 35 பாகையிலும் மற்றது 100 பாகையிலும் இருக்க, உறைபெட்டியில் வைத்தால் 100 பாகையில் வைத்ததே முதலில் உறைகிறதே, ஏன் என்று கேட்டான். கேள்வி அமைந்திருக்கும் விதத்தைப் பாருங்கள்: பாத்திரம் ஒன்றுபோல, அளவு ஒன்றுபோல, வேறுபாடு உஷ்ணநிலை ஒன்றே. ஒரு நல்ல பரிசோதனைக்கு வேண்டிய நிபந்தனைகளையெல்லாம் அந்த ஒற்றை வாக்கியத்திலேயே அவன் அடக்கிவிட்டான். ஆஸ்போர்ன் முதலில் புன்னகை செய்தார். திரும்பச் சொல்லச் சொன்னார். நீயே செய்து பார்த்தாயா என்று வினவினார். ஆம் என்ற பதில் வந்தது. பையன் தவறாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று மனத்தில் எண்ணினாலும், கேட்கும் பழக்கத்தை அணைத்துவிடக் கூடாது என்பதை நினைவுகூர்ந்து, ஊருக்குத் திரும்பியதும் தாமே செய்து பார்ப்பதாக அவர் வாக்களித்தார். தங்களையெல்லாம் விருந்தாளியின் முன் தலைகுனிய வைத்துவிட்டான் என்று சக மாணாக்கர்கள் எம்பெம்பாவைக் கடிந்துகொண்டார்கள்.

ஆஸ்போர்ன் தார் எஸ் சலாமுக்குத் திரும்பி, ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த ஓர் இளைஞரிடம் இதைச் செய்து பார்க்கச் சொன்னார். அந்த இளைஞர் வந்து, சூடாக வைத்த நீரே முதலில் உறைந்தது, ஆயினும் சரியான முடிவு கிடைக்கும் வரை திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருப்போம் என்று சமாதானம் கூறினாராம்! விஞ்ஞானத்தின் சரித்திரத்தில் இதைவிட வெள்ளையுள்ளத்தோடு சொல்லப்பட்ட வார்த்தை அபூர்வம். பிறகு முறையாகப் பரிசோதனைகள் தொடர்ந்தன. 100 கன சென்டிமீட்டர் பீக்கர்களில் 70 கன சென்டிமீட்டர் நீர் எடுத்துக்கொண்டு, பீக்கருக்கு அடியில் உஷ்ணம் கடத்தாத நுரைத்தகடு ஒன்றை வைத்து, பலவேறு உஷ்ணநிலைகளிலிருந்து தொடங்கி, உறைதல் ஆரம்பிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்தார்கள். தொடக்கச் சூடு ஏற ஏற நேரமும் ஏறிக்கொண்டு போய், 25 பாகைக்கு அருகில் உச்சத்தை அடைந்து, அதற்கு மேல் சூடு ஏற ஏற நேரம் குறைந்துகொண்டே வந்தது. நீரின் மேற்பரப்பில் ஓர் எண்ணெய்ப் படலத்தைப் பரப்பியபோது உறைதல் மிகவும் தாமதப்பட்டது. ஆகவே உஷ்ணத்தில் பெரும்பகுதி மேற்பரப்பின் வழியாகத்தான் வெளியேறுகிறது என்பது புலனாயிற்று.

1969இல் ஆஸ்போர்னும் எம்பெம்பாவும் சேர்ந்து, பௌதிகம் கற்பிப்போருக்கான ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அப்போது எம்பெம்பா மோஷியில் இருந்த வனவிலங்குப் பராமரிப்புக் கல்லூரியில் மாணவராக இருந்தார். பௌதிகம் அவருடைய தொழிலாகவே ஆகவில்லை. அதே ஆண்டில், இதை அறியாமலே, ஜார்ஜ் கெல் என்ற கனடா நாட்டு விஞ்ஞானி ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் இதே விஷயத்தை ஆராய்ந்தார். குளிர்காலத்தில் மோட்டார் வண்டியை வெந்நீரால் கழுவினால் நீர் அதன்மேல் விரைவில் உறைந்துவிடும் என்றும், பனிச்சறுக்குத் தளத்துக்கு வெந்நீர் பாய்ச்சினால் சீக்கிரம் கட்டியாகும் என்றும் கனடாவில் சாதாரண ஜனங்களிடையே வழங்கிய நம்பிக்கைதான் அவரை இதில் இறக்கியது.

சாதாரண ஜனங்கள் இதை அறிந்திருந்தது நேற்றைக்கு இன்றைக்கு அல்ல. கருங்கடலை ஒட்டிய பொந்தஸ் பகுதியில் பனிமேல் கூடாரமிட்டு மீன்பிடிப்போர், தங்கள் நாணல்களைச் சுற்றி வெந்நீரை ஊற்றி, அது விரைவில் உறைந்து அவற்றைப் பற்றிக்கொள்ளும்படி செய்வதாக அரிஸ்டாட்டில் எழுதிவைத்திருக்கிறார். பிரான்சிஸ் பேக்கன் 1620இலும், தேக்கார்த் 1637இலும் இதைத் தொட்டுச் சென்றிருக்கிறார்கள். இவற்றைவிட நமக்கு நெருக்கமான சாட்சியம் நம் தேசத்திலேயே இருக்கிறது. 1775இல் சர் ராபர்ட் பார்க்கர் என்பவர் அலகாபாத்திலும் கல்கத்தாவிலும் மனிதர் கையால் பனிக்கட்டி உண்டாக்கப்படுவதை ராயல் சொஸைட்டிக்கு வருணித்து எழுதினார். திறந்த வெளியில் ஆழமில்லாத பெரிய குழிகளைத் தோண்டி, அவற்றில் கரும்புத் தட்டையோ சோளத் தட்டையோ ஒரு சாண் கனத்துக்குப் பரப்பி, அதன்மேல் மெருகேற்றாத சிறிய மண் தட்டுகளை வரிசையாக வைத்து, அந்திப் பொழுதில் நீர் வார்த்துவிடுவார்கள். தட்டைகள் தரையின் சூடு மேலே ஏறாமல் தடுக்க, மேகமற்ற வானத்தை நோக்கி நீர் தன் உஷ்ணத்தைக் கதிராக இழக்க, மண்ணின் நுண்துளைகள் வழியே கசிவும் ஆவியாதலும் சேர்ந்துகொள்ள, காற்றில் உறைபனி இல்லாத இரவிலும் விடியற்காலையில் தட்டுகளில் பனிக்கட்டி படிந்திருக்கும். அந்த நீரைக் காய்ச்சி ஆறவைத்த பிறகே வார்த்தார்கள் என்பதுதான் இங்கே நாம் கவனிக்க வேண்டியது. காய்ச்சுவதால் உண்மையில் பயன் உண்டா என்று அறிய விரும்பிய எடின்பரோ பேராசிரியர் ஜோசப் பிளாக் அதே ஆண்டில் காய்ச்சிய நீரையும் காய்ச்சாத நீரையும் ஒரே குளிரில் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தார். காய்ச்சிய நீர் உறைநிலைக்கு வந்ததும் உறையத் தொடங்கியது. காய்ச்சாததோ உறைநிலைக்குக் கீழே இறங்கியும் திரவமாகவே நின்று, கலக்கிய பிறகே உறைந்தது.

அப்படியானால், வழியில் நீருக்கு என்னதான் நேருகிறது? முதலில் வருவது மூட்டையை இறக்கி வைப்பது, அதாவது ஆவியாதல். ஒரு கிராம் நீரை 100 பாகையிலிருந்து பூஜ்யத்துக்குக் குளிர்விக்க 100 கலோரி எடுத்துவிட்டால் போதும். அதே ஒரு கிராம் ஆவியாகிப் போகும்போது 500 கலோரிக்கு மேல் தன்னோடு கொண்டுபோகிறது. கொதிநீர் முழுக்க முழுக்க ஆவியாதலாலேயே குளிர்கிறது என்று வைத்துக் கணக்கிட்டால், பூஜ்யத்தை அடைவதற்குள் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு நீர் காணாமற் போயிருக்கும். உறைவதற்கு இன்னும் கிராமுக்கு 80 கலோரி எடுக்கவேண்டியிருக்கிறது. நீரே குறைந்துவிட்டதால் அந்தப் பொறுப்பும் குறைந்துவிடுகிறது. கெல் இதையே பிரதான காரணமாகக் கொண்டார். ஆனால் ஆஸ்போர்ன் தம் பீக்கர்களில் குறைந்த நீரை அளந்து, கண்ட வேறுபாட்டுக்கு இது மட்டும் போதாது என்று கூறிவிட்டார். இருவரும் வேறுவேறு பாத்திரங்களைப் பற்றிப் பேசினார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

அடுத்தது, நீரின் உள்ளோட்டம். பாத்திரத்திலுள்ள நீர் எங்கும் ஒரே உஷ்ணநிலையில் இருப்பதில்லை. மேற்பரப்பில் குளிர்ந்த நீர் கனத்துக் கீழே இறங்க, அடியிலுள்ள சூடான நீர் மேலே வர, உள்ளே ஒரு சுழற்சி நடந்துகொண்டே இருக்கிறது. வெந்நீரில் இந்தச் சுழற்சி உக்கிரமானது; அது மேற்பரப்பைச் சராசரியைவிடச் சூடாகவே வைத்திருக்கிறது; மேற்பரப்பு சூடாக இருக்கும் வரையில் இழப்பும் வேகமாக நடக்கிறது. சராசரியில் 35 பாகைக்கு வந்த பிறகும் அந்த ஓட்டம் உடனே அடங்கிவிடுவதில்லை. முதலிலிருந்தே 35 பாகையில் அமைதியாக வைக்கப்பட்ட நீருக்கு இந்த வேகம் இல்லை. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு: நீர் 4 பாகையில்தான் மிகக் கனமாக இருக்கிறது, அதற்குக் கீழே குளிர்ந்தால் மீண்டும் இலேசாகி மேலேயே தங்கிவிடுகிறது, அப்போது சுழற்சியின் திசையே மாறுகிறது. ஏரிகள் அடியிலிருந்து அல்லாமல் மேலிருந்து உறைவதற்கும் இதுவே காரணம்.

நீரில் கரைந்துள்ள வாயுக்களைக் காய்ச்சுதல் வெளியேற்றிவிடுகிறது என்பதைச் சிலர் பெரிதாகச் சொல்கிறார்கள். அதன் பங்கு எவ்வளவு என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. பிளாக் கண்ட விஷயம் இதைவிட முக்கியமானது. நீர் பூஜ்யப் பாகையை அடைந்தவுடனேயே உறைந்தாக வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. பனிக்கட்டி பற்றிப் படருவதற்கு ஒரு தூசியோ, கீறலோ, ஏதோ ஒரு பீஜமோ வேண்டும். அது கிடைக்காவிடில் நீர் பூஜ்யத்துக்குப் பல பாகைகள் கீழே இறங்கியும் திரவமாகவே நிற்கும். 1995இல் டேவிட் அவர்பாக் என்பவர், முதலில் குளிர்ந்திருந்த நீர் இப்படி அதிகமாகக் கீழே இறங்கிச் சோம்பிக் கிடக்க, முதலில் சூடாயிருந்தது அவ்வளவு கீழிறங்காமலே உறைந்துவிடக்கூடும் என்று எடுத்துக்காட்டினார். ஆனால் இதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு. ஒரே நீர் ஒருமுறை ஒருவிதமாகவும் மறுமுறை வேறுவிதமாகவும் நடந்துகொள்ளும்.

கடைசியாக, எல்லாவற்றிலும் எளியதும் மகம்பாப் பள்ளியில் உண்மையிலேயே நடந்திருக்கக்கூடியதுமான காரணம் ஒன்று உண்டு. பழைய குளிர்சாதனப் பெட்டிகளின் உறைபகுதியில் வெண்பனி விரல் கனத்துக்குப் படிந்து கிடக்கும். அது உஷ்ணத்தை எளிதில் கடத்தாது. குளிர்ந்த பாலை அதன்மேல் வைத்தால் தட்டு அந்தப் பனி மெத்தையின் மேலேயே உட்கார்ந்திருக்கும். சூடான பாலை வைத்தாலோ அடியிலுள்ள பனி உருகி, தட்டு நேராக உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு உஷ்ணம் தங்குதடையின்றி வெளியேறும். ஆஸ்போர்ன் நுரைத்தகட்டை அடியில் வைத்ததற்கு இதை விலக்குவதே காரணம். ஆயினும் பையனின் ஐஸ்கிரீமைப் பொறுத்தவரை, எனக்கு இதன்மேல்தான் சந்தேகம் விழுகிறது.

இத்தனை காரணங்கள் இருப்பதே, எதுவும் தனியாக நிறுவப்படவில்லை என்பதற்கு அடையாளம். 2012இல் லண்டன் ராயல் ரசாயனச் சங்கம் இதற்குச் சிறந்த விளக்கம் தருவோர்க்கு 1000 பவுன் பரிசு என்று அறிவித்தபோது, உலகெங்குமிருந்து 22,000க்கு மேற்பட்ட விடைகள் குவிந்தன. 2016இல் ஹென்றி பரிட்ஜ், பால் லிண்டன் என்ற இருவர் மிகக் கவனமாகப் பரிசோதித்து, நீர் பூஜ்யப் பாகையை எட்டும் நேரத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் சூடான நீர் முந்துவதற்குச் சான்றே இல்லை என்று எழுதினார்கள். உஷ்ணமானியின் நுனியை ஒரு பாத்திரத்தில் மற்றதைவிட ஒரு சென்டிமீட்டர் ஏற்றி வைத்தால்கூட, முந்தியதுபோன்ற தோற்றம் உண்டாகிவிடும் என்றும் காட்டினார்கள். மகம்பா ஆசிரியர் உயிரோடிருந்து இதைப் படித்திருந்தால் ஓரளவு ஆறுதல் அடைந்திருப்பார். ஆனால் அவர் சொன்னது அளந்து சொன்னதன்று, அளக்கவே தேவையில்லை என்று சொன்னது.

விவகாரம் இதோடு முடிந்துவிடவில்லை. நீர் சம்பந்தமான குழப்பங்களையெல்லாம் களைந்துவிட்டு, வேறொரு கோணத்திலிருந்து இதைப் பார்த்தவர்களும் உண்டு. 2020இல் கனடாவின் சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்தில் அவினாஷ் குமார், ஜான் பெக்ஹோஃபர் என்னும் இருவர், கண்ணுக்குப் புலப்படாத ஒரு கண்ணாடி மணியை நீரில் மிதக்கவிட்டு, லேசர் ஒளியால் அதைச் சுற்றி இரண்டு பள்ளங்கள் கொண்ட ஒரு கற்பனை நிலப்பரப்பை அமைத்தார்கள். ஆவியாதல் இல்லை, வாயு இல்லை, வெண்பனி இல்லை. ஒரே மணி, அதன் ஓயாத துள்ளல், அவ்வளவே. அதை உஷ்ணமான நிலையிலிருந்து புறப்பட்டதுபோலவும், மிதமான நிலையிலிருந்து புறப்பட்டதுபோலவும் ஆயிரக்கணக்கான முறை விட்டுப் பார்த்தபோது, சில அமைப்புகளில் மிக உஷ்ணமாகப் புறப்பட்டதே குளிர்ந்த சமநிலையை முதலில் அடைந்தது. திடீரென்று குளிருக்குள் தள்ளப்பட்ட ஒரு பொருள், இடைப்பட்ட உஷ்ணநிலைகள் ஒவ்வொன்றிலும் முறையாகத் தங்கித் தங்கி இறங்கி வருவதில்லை. அது கடக்கிற நிலைகள் எந்த ஒரு உஷ்ணநிலைக்கும் உரிய சமநிலையாக இருப்பதில்லை. மதுரைக்காரன் திருச்சியைத் தொட்டுத்தான் ஆகவேண்டும் என்று நாம் கொண்டது இங்கே தகர்ந்துபோகிறது. அவனுக்குத் திருச்சி வழியாக வராத வேறொரு பாதையும் இருந்திருக்கிறது.

இதைத் தம் வீட்டில் செய்து பார்க்க விரும்பும் மாணாக்கர் இருக்கக்கூடும். ஒரே கடையில், ஒரே அளவில் வாங்கிய இரண்டு எவர்சில்வர் டம்ளர்கள் போதும். நீரை டம்ளரின் குறியால் அல்ல, தராசில் எடையால் அளந்து ஊற்றவேண்டும். உறைந்த பின்னும் எடை பார்த்தால் ஆவியாகிப் போனது எவ்வளவு என்று தெரிந்துவிடும். இரண்டும் ஒரே நீராகவே இருக்கட்டும்: முழுவதையும் ஒன்றாகக் காய்ச்சி, பாதியை ஆறவைத்து, பாதியை மறுபடி சூடாக்கினால், வாயுக்களைப் பற்றிய தகராறு எழாது. உறைந்தது என்று எதைச் சொல்வது, முதல் பனிச்சில் மேலே மிதப்பதையா, கவிழ்த்தால் ஒரு சொட்டும் விழாதிருப்பதையா என்று வைப்பதற்கு முன்பே தீர்மானித்து எழுதிக்கொள்ள வேண்டும். ஏனெனில் பின்னால் தீர்மானித்தால், மனம் தான் விரும்பிய டம்ளரின் பக்கமே சாயும். உறைபெட்டியில் இடது மூலையும் வலது மூலையும் ஒரே குளிரில் இருப்பதில்லை. ஆகவே மறுமுறை டம்ளர்களை இடம் மாற்றி வைக்கவேண்டும். அடியில் தெர்மகோல் துண்டு வைத்து ஒரு வரிசையும், வைக்காமல் ஒரு வரிசையுமாகச் செய்தால், வெண்பனியின் பங்கு எவ்வளவு என்பது தனியே விளங்கும். கதவை அடிக்கடி திறந்து பார்க்கிற ஆவலை மட்டும் அடக்கிக்கொள்வது நல்லது. வீட்டில் உள்ளவர்கள் இடையில் பால் பாக்கெட் எடுக்க வராத நேரமாகப் பார்த்துத் தொடங்குவது அதைவிடவும் நல்லது.